ஆணா, பெண்ணா? தீர்ப்பு யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல் மாணவி)

எங்கள் மத்தூர்ப் பகுதியில் பசு சினையாக இருந்தால் வீட்டார் ஒரு வரம் கேட்பர். மருமகள் முழுகாமல் இருந்தால் வேறொரு வரம் கேட்பர். பசுவுக்குக் கிடாரிக் கன்று பிறக்க வேண்டும். மருமகளுக்கு ஆண் குழந்தை பிறக்க வேண்டும். பசு காளைக் கன்று ஈன்றால், "போகட்டும், அடுத்த ஈற்றில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லித் தவிட்டுத் தண்ணீர் வைப்பர். மருமகள் பெண் பெற்றால் அப்படிச் சொல்லும் வீடுகள் குறைவு. ஒரே கூரையின் கீழ், ஒரே வாயால் கேட்கப்படும் இவ்விரு வரங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. எனக்கும் விலங்கியல் வகுப்பில் உட்காரும் வரையில் தோன்றியதில்லை.

நாங்கள் மூவரும் பெண்கள். நான் மூன்றாமவள். நான் பிறந்த செய்தி கேட்டு எங்கள் ஆயா மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம், உள்ளே வரவில்லையாம். அதன் பிறகு அம்மா வாங்கிய பேச்சுகளை இங்கு எழுத விரும்பவில்லை. கோயில் வேண்டுதல்கள், வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்ன வேர்கள், அப்பாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று வந்து பேசிய உறவினர்கள் எல்லாம் உண்டு. அப்பா கொத்து வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். வேறு பெண் வேண்டாம் என்று சொன்னார். ஆனால் அம்மாவை ஏசியவர்களை ஏச வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓசூருக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன் கம்பெனிப் பேருந்து ஏறிப் பொழுது சாய்ந்து திரும்புவாள். அவள் கொண்டுவந்த சம்பளத்தில்தான் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். செவிலியர் படிப்பு கிடைக்கவில்லை, விலங்கியல் கிடைத்தது. கிடைத்ததே நல்லதாயிற்று என்று இன்று நினைக்கிறேன்.

இவ்வட்டாரத்தின் பழைய கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகும் வரை தருமபுரியோடு சேர்ந்திருந்தது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட செய்தி ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியதே அதனால்தான். பின்னர் தருமபுரிக்கும் அது வந்தது. இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறப்பது வழக்கம். 2001 மக்கள் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண்கள் இருந்தனர். சேலம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 851 பேர். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இனி அறிவியலுக்கு வருவோம்.

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு என்பதும், அவற்றில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய் என்பதும் பள்ளியிலேயே படித்தவை. தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே சுமக்கும். தந்தையின் விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கும். எது முந்துகிறதோ அதுதான். 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஆண் வண்டிடம் மட்டும் ஒரு குட்டைக் குரோமோசோம் இருப்பதைக் கண்டு, பால் வேற்றுமைக்கு அதுவே காரணம் என்று எழுதினார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் ஒத்த முடிவுக்கு வந்தார். மாவில் விழும் வண்டு! நம் வீட்டில் சலித்துத் தெருவில் கொட்டும் வண்டிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை பிறந்தது என்னே விந்தை!

ஆனால் ஒய் என்ன செய்கிறது? வெகுநாள் வரை அது தெளிவாகவில்லை. பழ ஈயில் ஒய் ஆண்மையைத் தீர்மானிப்பதில்லை. எக்ஸின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. மனிதனும் அப்படித்தான் என்று பலர் நம்பினர். 1959இல் இரு செய்திகள் வந்தன. இரண்டு எக்ஸோடு ஓர் ஒய்யும் உடையவர் ஆணாக இருந்தார். ஓர் எக்ஸ் மட்டும் உடையவர் பெண்ணாக இருந்தார். எக்ஸ் எத்தனை இருந்தாலும் சரி, ஒய் இருந்தால் ஆண் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அதற்கு முன்பே, 1947இல், ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் தாய் முயலின் வயிற்றுக்குள் இருக்கும் கருக்களின் இனச்சுரப்பிகளை அறுத்தெடுத்துவிட்டு வளரவிட்டார். ஆண் கரு, பெண் கரு என்ற வேறுபாடின்றி எல்லாம் பெண்ணின் உறுப்புகளோடு வளர்ந்தன. விரை உண்டாகி அதன் சுரப்புகள் வேலை செய்தால்தான் உடல் ஆணின் பாதையில் போகும் என்று இதிலிருந்து தெரிந்தது. எனவே கேள்வி சுருங்கியது: விரையை உண்டாக்கும் கட்டளை ஒய்யில் எங்கே இருக்கிறது?

1990இல் இலண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பாட்ஜ் ஆகியோரின் குழுக்கள் அதனைக் கண்டுபிடித்தன. எஸ்.ஆர்.ஒய். என்பது அந்த ஜீனின் பெயர். அது உண்டாக்கும் புரதத்தில் 204 அமினோ அமிலங்களே உள்ளன. மறு ஆண்டு அந்த ஜீன் அடங்கிய சிறு துண்டை இரண்டு எக்ஸ் உடைய சுண்டெலியின் கருவில் செலுத்தினர். பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டிய அந்த எலி ஆணாகப் பிறந்தது. குட்டி உண்டாக்கும் திறன் மட்டும் அதற்கு இல்லை.

இதைப் படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆயா திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். பெரிய அக்காவுக்கு முதல் குழந்தை பெண். அப்போது இரண்டாவது குழந்தை மூன்று மாதம். அவள் மாமியார் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அதை அம்மா சொல்லக் கேட்ட சூட்டோடு ஆயாவிடம் உட்கார்ந்தேன். எக்ஸ், ஒய் என்றால் அவருக்கு என்ன புரியும்? எனவே வேறு வழியாகக் கேட்டேன்.

"ஆயா, நம்ம கொல்லையில கேழ்வரகு வெதச்சா கம்பு மொளைக்குமா?"

"எப்படிடி மொளைக்கும்? வெதச்சதுதானே மொளைக்கும்."

"அப்போ மொளைச்சதுக்கு நெலத்தைத் திட்டுவியா?"

முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தறியாதவர் என்றாலும் அறுபது ஆண்டு வேளாண்மை செய்தவர்.

உவமை முழுப் பொருத்தம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தாய் வெறும் நிலம் அல்லள். குழந்தையின் ஜீன்களில் பாதி அவளுடையவை. மேலும், அம்மாவின் மேல் இருந்த பழியை எடுத்து அப்பாவின் தலையில் வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தும் என்பது எந்த ஆண்மகனின் கையிலும் இல்லை. நாணயத்தைச் சுண்டினால் பூ விழுந்ததற்குச் சுண்டியவனை ஏசுவாருண்டோ? இதையும் ஆயாவிடம் சொன்னேன். அதற்கு அவர் கேட்ட கேள்வியை எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

"கையில இல்லேன்னா, மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டா எப்படி கிடாரியா வருது?"

நல்ல கேள்வி. எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப்பட்ட சினை ஊசி போட்டுக் கிடாரிக் கன்று வாங்கியிருந்தார். அதன் விளக்கம் இது. மாட்டில் எக்ஸ் சுமக்கும் விந்தணுவில், ஒய் சுமப்பதைக் காட்டிலும் டி.என்.ஏ. ஏறத்தாழ 4 விழுக்காடு அதிகம். எக்ஸ் பெரியது, ஒய் சிறியது என்பதே காரணம். விந்தணுக்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டால், டி.என்.ஏ. மிகுந்தது சற்றே அதிகமாக ஒளிரும். அந்த வேறுபாட்டைக் கொண்டு இயந்திரம் இரண்டையும் பிரித்துவிடும். இவ்வாறு பிரித்த விந்தை உறையவைத்துக் குச்சிகளில் அடைத்து அனுப்புகின்றனர். பத்துக்கு ஒன்பது கிடாரியாக இருக்கும். நம் மாநிலத்தில் உதகமண்டலத்தில் இதற்கான நிலையம் உண்டு. பால் மாடு வளர்ப்பவனுக்கு இது பெரிய உதவி. காளைக் கன்றுக்குத் தீனி போட யாரிடம் இருக்கிறது?

மனிதருக்கு இதைச் செய்யக் கூடாது. 1994இல் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைக் குற்றமாக்கியது. 2003இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கரு உண்டாகும் முன்பே பால் தேர்வு செய்வதும் தடை செய்யப்பட்டது. ஆயா இதைக் கேட்டுவிட்டு, "மாட்டுக்குப் பொம்பள வேணும்னு மெஷினு கண்டுபுடிச்சான். மனுசனுக்குன்னா ஆம்பள வேணும்னு அதையே கேப்பான். சட்டம் போட்டது சரிதான்" என்றார். எங்கள் பேராசிரியரே இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது!

மாட்டின் பேச்சு வந்ததால் இன்னொன்று. எங்கள் பக்கத்து நிலத்துக்காரரின் பசு இரட்டைக் கன்று ஈன்றது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி நன்றாக வளர்ந்தது. பருவம் வந்தும் சினைக்கு வரவில்லை. எத்தனை ஊசி போட்டும் பயனில்லை. கடைசியில் போச்சம்பள்ளிச் சந்தையில் பாதி விலைக்குப் போயிற்று. "காளையோட பொறந்த கிடாரி சினை புடிக்காது" என்று ஆயா முதல் நாளே சொன்னாராம். பழைய மாட்டுக்காரர்களுக்கு இது தெரியும். காரணத்தை 1916இல் ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். மாட்டின் இரட்டைக் கருக்களில் இரண்டின் நச்சுக்கொடிக் குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளைக் கருவின் சுரப்புகள் அவ்வழியே கிடாரியின் உடலுக்குள் புகுந்து, அதன் சூலகத்தை வளரவிடாமல் செய்கின்றன. அக்கிடாரிக்கு இருப்பவை இரண்டு எக்ஸ்தாம். ஆயினும் சூலகம் உருப்பெறுவதில்லை. காளையோடு பிறக்கும் கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு இதே கதி. மனித இரட்டைக் குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதில்லை. எனவே இரட்டையரைப் பெற்ற தாய்மார்கள் அஞ்ச வேண்டாம்.

இதிலிருந்து விளங்குவது, குரோமோசோம் மட்டுமே கடைசித் தீர்ப்பு அன்று என்பது. பாடநூலில் ஒரே வரியில் வருவதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆறு வாரம் வரை எல்லா மனிதக் கருக்களின் இனச்சுரப்பிகளும் ஒன்றுபோலவே இருக்கும். விரையாகவும் மாறலாம், சூலகமாகவும் மாறலாம். அந்த வேளையில் எஸ்.ஆர்.ஒய். ஜீன் சிறிது காலம் விழிக்கிறது. சுண்டெலியில், கருவின் பதினோராம் நாளையொட்டிச் சில மணி நேரத்துக்குள் அது வேலை செய்தாக வேண்டும். தாமதித்தால் சூலகம்தான். அது செய்யும் வேலையும் ஒன்றே ஒன்று: பதினேழாம் குரோமோசோமில் இருக்கும் சாக்ஸ்-9 என்ற இன்னொரு ஜீனைத் தட்டி எழுப்புவது. விரையைக் கட்டும் மேஸ்திரி சாக்ஸ்-9தான். எஸ்.ஆர்.ஒய். வாசலில் வந்து குரல் கொடுத்துவிட்டுப் போகும் ஆள்.

அந்தக் குரல் விழும் காது ஒன்றும் இருக்கிறது. சாக்ஸ்-9க்கு வெகு தூரத்தில், ஜீன் எதுவும் இல்லாத இடத்தில், 557 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. 2018இல் சுண்டெலியில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தனர். ஒய் இருந்தது, எஸ்.ஆர்.ஒய். இருந்தது, சாக்ஸ்-9உம் இருந்தது. ஆயினும் குட்டிகள் சூலகத்தோடு பெண்களாகப் பிறந்தன. ஜீன் இருப்பது வேறு, ஜீன் வெளிப்படுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை.

பெண்மை என்பது ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானே வருவது என்று ஜோஸ்டின் முயல்களைப் பார்த்துப் பலர் எண்ணினர். அதுவும் சரியன்று. 2009இல், வளர்ந்த பெண் சுண்டெலியின் சூலகத்தில் ஃபாக்ஸ்-எல்-2 என்ற ஜீனை நிறுத்திப் பார்த்தனர். சூலகத்தின் உயிரணுக்கள் விரையின் உயிரணுக்களைப் போல மாறத் தொடங்கின. சூலகம் வாழ்நாள் முழுதும் தன்னைச் சூலகமாகவே காத்துக்கொண்டிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு இனம் தெரியாத மகிழ்ச்சி உண்டாயிற்று. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் வீட்டில் கறுப்பு, செம்மை, வெள்ளை மூன்றும் கலந்த பூனை ஒன்று உண்டு. மூவண்ணப் பூனை என்றாலே பெண் என்று துணிந்து சொல்லலாம். பூனையின் செம்மை நிற ஜீன் எக்ஸில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று பூட்டப்படும் என்று 1961இல் மேரி லயன் கூறினார். எங்கே எது பூட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அங்கே கறுப்பு அல்லது செம்மை. நம் அன்னையர் எல்லாரும் அப்படித்தான். மயிரின் நிறத்தில் தெரியவில்லை, அவ்வளவே. நம் காடுகளில் திரியும் கேளையாட்டின் கணக்கோ இன்னும் வேடிக்கை: பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7.

இவற்றையெல்லாம் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் கதையை அறிந்தவர்களால் அப்படிப் போக முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து ஓடி ஓடி உயர்ந்தவர். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சில நாள்களில் பதக்கம் பறிக்கப்பட்டது. அச்செய்தி உலகமெங்கும் தொலைக்காட்சியில் ஓடியது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடிய ஒருவரை நாலு பேர் கூடி, நீ பெண் இல்லை என்றனர். தமிழக அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. பின்னாளில் அவர் தடகளப் பயிற்சியாளரானார். பதக்கம் திரும்பவில்லை. அவர் உடலைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண் சுரப்பை ஏற்கும் ஜீன் வேலை செய்யாததால் பெண்ணாகவே பிறந்து வளர்பவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த ஏற்கும் ஜீன் இருப்பது எக்ஸில்!

2025 செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் ஓட விரும்புவோர் எஸ்.ஆர்.ஒய். சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்துள்ளது. 1990இல் அந்த ஜீனைக் கண்டுபிடித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ சின்க்ளேர். அவரே இச்சோதனையை எதிர்த்து எழுதினார். ஜீன் இருக்கிறதா என்றுதான் சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, விரை உண்டாயிற்றா, உடல் அந்தச் சுரப்பை ஏற்றதா என்று சொல்லாது என்பது அவர் வாதம். போட்டியில் நியாயம் வேண்டும் என்போரின் பேச்சிலும் பொருள் இருக்கலாம். ஆயினும் வாசலில் குரல் கொடுத்தவனை மட்டும் விசாரித்து வீட்டுக்குள் நடந்ததைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் மாநிலம் ஒரு விதத்தில் முன்னே நிற்கிறது. இரு பாலின் கூறுகளும் கலந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றும் அறுவை செய்யக் கூடாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அரசும் அவ்வாண்டே ஆணை பிறப்பித்தது.

அக்காவின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் அவள் மாமியாருக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். இன்ன இடத்துக்கு இரவில் வந்தால் வண்டியில் அழைத்துப்போய்ப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், யாருக்கும் தெரியாது என்றார். அக்கா சண்டை போடவில்லை. "பாத்துட்டு, பொண்ணுன்னா என்ன பண்ணுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க அத்தை. அப்புறம் வண்டி ஏறலாம்" என்றாளாம். மாமியார் விடை சொல்லவில்லை. வந்தவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அந்தப் பேச்சு பிறகு எழவில்லை.

இது நடந்த மறு வாரம் அம்மாவும் நானும் களத்தில் இருந்தபோது, மூன்றாம் வீட்டுக்காரி தன் மருமகளைக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் இரண்டும் பெண். ஆயா அவளை உட்காரவைத்து, "ஏண்டி, வெதச்சது யாரு, நெலம் யாரு?" என்று தொடங்கினார். நாணயக் கதையையும் விடாமல் சொன்னார். அம்மா தலை நிமிராமல் கதிர் கட்டிக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுக்குப் பின் அந்த வாயிலிருந்தே அதைக் கேட்டவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

அக்காவுக்கு அடுத்த மாதம் நாள். அரசு மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறோம். தூளி கட்ட அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை ஆயா துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.